நீலக்கரைத் தட்டு

வேணாங்கய்யா, நீங்க சாப்பிடுங்க. இட்லி நல்லாத்தான் இருக்கும், பார்த்தாலே தெரியுது. மிளகாப்பொடியை நல்லெண்ணெயில குழைச்சு ரெண்டு பக்கமும் தடவி இலையில கட்டியிருக்காக. கைப்பக்குவம் தெரிஞ்ச வீடு. ஆனா எனக்கு வேணாம். சமையக்காரனுக்குப் பிறத்தியார் கைச்சோறு லேசுல இறங்காது. அப்படின்னே வச்சுக்கங்களேன்.

புதுக்கோட்டை தாண்டிருச்சா? அப்ப நான் இறங்குற பரமக்குடிக்கு இன்னும் நேரம் கெடக்கு. நீங்க ராமேசுவரந்தானே? அமாவாசைக்கு ரெண்டு நாள் முன்னாடி இந்த ரயில் வண்டியில ஏறுறவுக வேற எங்க போவாக. யாருக்குத் திதி? அப்பாருக்கா. கூடவே இருந்தீகளா, கடைசியில? தண்ணி ஊத்தினீகளா? நல்லது. அதுக்கெல்லாம் குடுத்து வச்சிருக்கணும்.

என் பேரு முத்திருளு. அஞ்சு வருசம் வெள்ளைக்காரங்களுக்குச் சமைச்சுப் போட்டுட்டு இப்பத்தான் ஊருக்குப் போறேன். வெள்ளைக்காரங்கன்னதும் துரைமாருன்னு நெனச்சுடாதீக. இவுக அகதிக. வெள்ளைத் தோலுல அகதியான்னு நீங்க பாக்குற மாதிரிதான் நானும் மொத நாளு பார்த்தேன். நமக்குத் தெரிஞ்ச துரைசாணி, தும்மல் வந்தாக்கூட ஆள விட்டுத் தும்மச் சொல்லும். இந்தத் துரைசாணிக முட்டி போட்டுத் தரையைத் துடைக்குது. தானே தண்ணி எடுக்குது. எனக்கு எங்க நிக்கிறதுன்னே தெரியலை.

கோலாப்பூர் பக்கத்துல அவுகளுக்குன்னு ஒரு முகாம். வரிசை வரிசையா ஓட்டுக் கொட்டகை, அய்யாயிரம் பேரு. எல்லாம் பொம்பளைகளும் பிள்ளைகளும். ஆம்பளைக எங்கன்னு கேட்டா கையை விரிப்பாக. போலந்துன்னு ஒரு தேசம். சண்டை தொடங்கினதும் ஒரு பக்கமிருந்து ஜெர்மன்காரன் வந்தான், பதினேழாம் நாள் மறுபக்கமிருந்து ருஷ்யாக்காரன் வந்தான். நடுவுல கோடு போட்டுப் பங்கு பிரிச்சுக்கிட்டாங்க. ஏன்டா, எங்களை ஒரு வார்த்தை கேட்டீகளாடான்னு கேக்கிறதுக்குள்ள பாதிப்பேரை வண்டியில ஏத்தியாச்சு.

எனக்கு அனாதைப் பிள்ளைக விடுதியில வேலை. அடுப்படிக்கு மேற்பார்வை ஸ்தெபானியான்னு ஒரு அம்மா. ஆளு உசரம், கையி ரெண்டும் மரம் வெட்டி மாதிரி காப்புக் காய்ச்சிருக்கும். மாதிரி என்ன, மரந்தான் வெட்டியிருக்கு. அது அப்புறம் தெரிஞ்சது. அதோட இங்கிலீசும் நான் மிலிட்டரி மெஸ்ஸுல கத்துக்கிட்ட இங்கிலீசும் சேர்ந்தாலும் ஒரு முழம் தேறாது. ஆனா அடுப்படியில பேச்சு எதுக்கு. உப்புக்கு ஒரு கை, நெருப்புக்கு ஒரு கை, தீர்ந்தது.

மொத வாரமே முட்டிக்கிச்சு. பீட்ரூட்டை வேகவச்சுச் சிவப்பா ஒரு ரசம் வைக்கச் சொல்லுச்சு. புளிப்பு இருக்கு, உறைப்பு இல்ல. நான் பாவம்னு ரெண்டு மிளகாயைக் கிள்ளிப் போட்டேன். நூத்தம்பது பிள்ளைக ஒரே நேரத்துல இருமி நீங்க கேட்டிருக்கீகளா? நான் கேட்டிருக்கேன்.

அப்புறம் ரொட்டி. ஐயா, பிள்ளைக தலகாணிக்கு அடியில எல்லாம் ரொட்டி. தின்னது போக ஒளிச்சு வச்சிருக்குதுக. எறும்பு வரிசை கட்டுது. எனக்கு ஆத்திரம். என் கையால வயிறு ரொம்பப் போடுறேன், இன்னும் திருடினா ஊரு என்னைத்தானே குறை சொல்லும்? அந்தம்மாட்டச் சொன்னேன். அது எறும்பைத் தட்டிவிட்டு ரொட்டியை இருந்த எடத்துலயே வச்சுது. நாளைக்கும் உண்டுன்னு அதுகளுக்கே நம்பிக்கை வரட்டும், அதுவரைக்கும் கை வைக்காதேன்னுச்சு. ஒரு நாள் ஒரு துண்டு கீழ விழுந்துச்சு, நான் காலால ஓரமாத் தள்ளினேன். பாய்ஞ்சு வந்து எடுத்து, தூசி தட்டி, அந்த ரொட்டிக்கு முத்தம் குடுத்து மாடத்துல வச்சுது. அன்னைக்குத்தான் எனக்கு அந்தம்மா மேல ஒரு மரியாதை வந்துச்சு. சோத்துக்கு மரியாதை குடுக்கிறவுகளை எனக்குப் பிடிக்கும்.

உருளைக்கிழங்கு உரிக்கிறப்பத்தான் பேசும். ரெண்டு மூட்டை உரிக்கணும், வாயி சும்மா இருக்குமா? மாசி மாசக் குளிர்ல விடியக்காலம் கதவைத் தட்டியிருக்கான். துப்பாக்கியோட நாலு ருஷ்யாச் சிப்பாய். அரை மணி நேரம், கட்டுறதைக் கட்டுன்னுட்டான். கம்பளி எடுத்துச்சாம், மாவு எடுத்துச்சாம், அப்புறம் எதுக்குன்னே தெரியாம அவுக வீட்டுக்காரர் சாப்பிடுற தட்டையும் எடுத்து மாவுக்குள்ள சொருகிக்கிச்சாம். எனாமல் தட்டு, ஓரத்துல நீலக்கரை. மாட்டு வண்டியில ஏத்தினாகளாம். மாட்டு வண்டின்னா நம்ம ஊரு வண்டி இல்ல, மாடு ஏத்துற ரயில் பெட்டி. மூணு வாரம் அதுலயே. கைப்பிள்ளை ஒன்னு இருந்துருக்கு. பேரு சொன்னுச்சு, என் வாயில நுழையலை. பிள்ளை பெட்டியிலயே குளிர்ல செத்துப்போச்சு. ஒரு எடத்துல வண்டி நின்னப்ப சிப்பாய் வாங்கிக்கிட்டுப் போய்த் தண்டவாளத்து ஓரம் பனியில வச்சுட்டான். வண்டி கெளம்பிருச்சு. எந்த எடம்னுகூட அந்தம்மாவுக்குத் தெரியாது.

இதைச் சொல்றப்பவும் கத்தி நிக்கலைங்க. தோலு அறுபடாம சுருள் சுருளா விழுகுது. நாந்தான் அடுப்பைப் பாக்குறேன்னு எந்திரிச்சுப் போனேன்.

அங்க ருஷ்யாக் காட்டுல ரெண்டு வருசம் மரம் வெட்டு. வெட்டினவளுக்கு ரொட்டி, படுத்தவளுக்குப் பாதி ரொட்டி. அப்புறம் ஜெர்மன்காரன் ருஷ்யாவையே அடிக்கவும் இவுகளைப் போகச் சொல்லி விட்டாங்களாம், பாரசீகம், கராச்சின்னு சுத்திக் கடைசியில என் அடுப்படி. வழியில குளிருக்குப் போட்டிருந்த கோட்டு வித்துருக்கு, மோதிரத்தை வித்துருக்கு, தட்டை மட்டும் விக்கலை. வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். சண்டைக்குப் போன எடத்துல ருஷ்யாக்காரன் பிடிச்சுட்டான். ரெண்டு காயிதம் வந்துச்சாம். ரெண்டாவதுல, கம்பளிக் காலுறை பின்னி அனுப்புன்னு எழுதியிருந்தாராம். பின்னி அனுப்புச்சு. அதுக்குப் பிறகு தகவல் இல்ல.

காரைக்குடியா? டீ வேணாங்கய்யா, நீங்க குடிங்க. இல்லல்ல, உடம்புக்கெல்லாம் ஒன்னுமில்ல.

என் கதையையும் கொஞ்சம் சொல்லணும், அப்பத்தான் எனக்கு நடந்த அநியாயம் புரியும். எனக்கு ஒரே அண்ணன், வெள்ளைச்சாமி. ரங்கோன்ல அரிசி ஆலையில வேலை. ஜப்பான்காரன் குண்டு போட்டானே, அப்ப எல்லாரும் மலை வழியா நடந்தாகல்ல, அண்ணனும் நடந்துச்சு. வந்து சேரலை. பக்கத்தூர் ஆளு ஒருத்தன் வந்தான். மலையேத்தத்துல வாந்திபேதி கண்டு ஒரு மரத்தடியில கெடந்தாரு, நாங்க மேல நடந்துட்டோம்னான். அவ்வளவுதான் தகவல். எட்டு மாசம் பார்த்தோம். ஊரே சொல்லுது, காரியம் செய்யாட்டி ஆத்மா அலையும்டா, தம்பிக்காரன் நீ என்ன பண்றேன்னு. நான் என்ன பண்ணுவேன்?

மதினி ஒத்துக்கலை. பூமயிலுன்னு பேரு, அண்ணன் சம்சாரம். எனக்கு அம்மா இல்லாத குறையைத் தெரியவிடாம சோறு போட்ட மகராசி. அவுக வாசல்ல நின்னுக்கிட்டு ஒரே கேள்விதான் கேட்டாக. "நீ பார்த்தியா? உன் கண்ணால பார்த்தியா?" கண்ணால பார்த்துட்டுத்தான் எல்லாம் செய்ய முடியுமா, சொல்லுங்க. உடம்பு இல்லைன்னா அதுக்கு ஒரு வழி இருக்குல்ல? வைக்கோல்ல ஆளு மாதிரி கட்டி, அண்ணனோட வேட்டியைச் சுத்தி, கொள்ளி வச்சேன். முறைப்படி செஞ்சேன், ஒரு குறையும் வைக்கலை. பொம்பளைக மதினியைக் கண்மாய்க் கரைக்குக் கூட்டிட்டுப் போய்த் தாலியை வாங்கப் பார்த்தாக. அவுக தாலியைப் பல்லுல கடிச்சுக்கிட்டு விடலை. நான் என்ன செஞ்சேனா? நான் ஆம்பளை, ஓரமா நின்னேன்.

அன்னைக்குப் பொழுதுசாய வீட்டுக்குப் போனா மதினி நிலைப்படியில உக்காந்துருக்காக. "என் வாசப்படியை இனி நீ மிதிக்காதே"ன்னாக. அவ்வளவுதான் பேச்சு. நல்லது செஞ்சவனுக்குக் கெடைச்ச மரியாதை. ரோசம் வந்துருச்சு. அன்னைக்கே கெளம்பி மிலிட்டரி மெஸ்ஸு, அங்கயிருந்து கோலாப்பூர்.

இப்பக் கேளுங்க. அவுகளுக்குப் பெரிய பண்டிகை கிறிஸ்துமஸுக்கு மொத நாள் சாயங்காலம். வானத்துல மொத நட்சத்திரம் தெரியிற வரைக்கும் பச்சைத்தண்ணி பல்லுல படாது. கறி கெடையாது, ஆனா பன்னெண்டு வகை பதார்த்தம். மீனு, முட்டைக்கோசு, கசகசா போட்ட இனிப்பு, நான் ஒத்த ஆளா நின்னு ஆக்கினேன். மேசை போடுறப்ப அந்தம்மா ஒரு கைப்பிடி வைக்கோலைக் கொண்டாந்து மேசை மேல பரப்புச்சு. மேல வெள்ளைத் துணியை விரிச்சுச்சு. எல்லாருக்கும் தட்டு வச்சுட்டு, ஓரத்துல ஆளில்லாத நாற்காலிக்கு முன்னாடி அந்த நீலக்கரைத் தட்டை வச்சுச்சு.

எனக்கு நெஞ்சு உருகிப் போச்சு. நீங்களே சொல்லுங்க, வைக்கோல், வெள்ளைத்துணி, வராத ஆளோட தட்டு. வேற என்னன்னு நெனைக்க? அடடா, கடல் தாண்டிப் பொறந்தாலும் முறை ஒன்னுதான்டான்னு நெனச்சேன். பாவம், அந்தம்மாவுக்கு எடுத்துச் செய்ய ஆளில்லை. நாம எதுக்கு இருக்கோம்?

எல்லாரும் நட்சத்திரம் பாக்க வெளிய போயிருந்தாக. பன்னெண்டு வகையிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துத் தட்டுல வச்சேன். சூடம் கொளுத்தினேன். தண்ணி சுத்தினேன். மேல இருந்த மீனுத்துண்டைக் கிள்ளிப் பின்பக்கம் சுவத்து மேல வச்சு, கா கான்னு கூப்பிட்டேன். அடையப் போற நேரம், வருமோ வராதோன்னு பார்த்தா, சொல்லி வச்ச மாதிரி ஒரு காக்கா வந்து எடுத்துக்கிட்டுப் போச்சு. எங்கண்ணனுக்குச் செஞ்சப்ப அரை நாள் நின்னு கத்தினேன், ஒன்னும் வரலை. இங்க உடனே. எனக்குச் சந்தோசம் தாங்கலை.

திரும்பினா அந்தம்மா நிக்குது. நான் விளக்கமாச் சொன்னேன், எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசுல. உங்க வீட்டுக்காரர், செத்தவர், வந்தார், சாப்பிட்டார், திருப்தி. காக்காயையும் கையால காட்டினேன். மீனு பிடிச்சிருந்துச்சுன்னும் சொன்னேன்.

அந்தம்மா நேரா மேசைக்குப் போச்சு. தட்டை எடுத்துச்சு. பதார்த்தத்தை எல்லாம் ஒரு பாத்திரத்துல வழிச்சுச்சு, அப்பவும் ஒரு பருக்கை வீணாக்கலை. தட்டைக் கழுவுச்சு, மறுபடி கழுவுச்சு, மூணாந்தரமும் கழுவுச்சு. துடைச்சு, காலித்தட்டா அதே எடத்துல வச்சுட்டு என்கிட்ட வந்து மெதுவாக் கேட்டுச்சு. "அவர் செத்ததை நீ பார்த்தாயா?"

அதே கேள்வி. ஐயா, அங்க ஒருத்தி, ஆயிரம் மைல் தள்ளி இங்க ஒருத்தி. அதே கேள்வி.

அந்தத் தட்டு செத்தவுகளுக்கு இல்லையாம். வர்றவுகளுக்காம். அந்த ராத்திரி யாரு கதவைத் தட்டினாலும், வழிப்போக்கனோ, விரோதியோ, எந்த ஊருன்னு கேக்காம உக்கார வச்சுச் சோறு போடணுமாம். அதுக்குத்தான் ஒரு தட்டு கூடுதல். மாட்டுத்தொழுவத்துல பொறந்த சாமிக்கு வைக்கோலாம். இதையெல்லாம் மொதல்லயே சொல்லித் தொலைச்சிருந்தா நான் ஏன் காக்காயைக் கூப்பிடப் போறேன்? தப்பு என் பேருல மட்டுமா?

அதுல இருந்து மூணு வருசம் என்கிட்ட அளவாத்தான் பேசும். உப்பு, நெருப்பு, போதும், போதாது. உருளைக்கிழங்கை நான் ஒரு மூலையில உரிக்கிறது, அது ஒரு மூலையில உரிக்கிறது. என்னடா வாழ்க்கை, எங்க போனாலும் ஒரு பொம்பளை நம்மளை வாசப்படிக்கு வெளியவே நிறுத்துதேன்னு இருந்துச்சு. ஒரு நாள் தாங்காம அண்ணன் கதையை அதுகிட்டச் சொன்னேன். நான் பக்கத்தூர் ஆளு மாதிரி விட்டுட்டு ஓடினவன் இல்ல, முறையாச் செஞ்சவன்னு தெரியட்டுமேன்னுதான். மதினி தாலியைப் பல்லுல கடிச்சதைச் சொன்னேன் பாருங்க, அப்பத்தான் அந்தம்மா கத்தி நின்னுச்சு. கைப்பிள்ளைக்கு நிக்காத கத்தி. "அவள் பேர் என்ன?"ன்னு கேட்டுச்சு. பூமயிலுன்னேன். ரெண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கிச்சு.

சிவகங்கை வந்துருச்சா? காத்துல நம்ம பக்கத்துச் சூடு வந்துருச்சு.

போன வருசம் கடைசியில ஒரு லிஸ்டு வந்துச்சு. ருஷ்யாக்காரன் பிடிச்சுட்டுப் போனவுகளை எங்கயோ ஒரு காட்டுக்குள்ள குழி தோண்டிப் புதைச்சிருந்தாகளாம், ஆயிரக்கணக்குல, கையைப் பின்னால கட்டி, பொடதியில சுட்டு. வாத்தியாரு, டாக்டரு, வக்கீலு, எல்லாம் படிச்ச ஆளுக. யாருக்கோ வந்த லிஸ்டு கைமாறி எங்க முகாமுக்கு வந்துச்சு. அதுல அந்தம்மா வீட்டுக்காரர் பேரும் இருக்குன்னாக. பாதிரியார் அடுப்படி வரைக்கும் வந்து சொல்லிட்டுப் போனாரு. அந்தம்மா அதை வாங்கி மடிச்சு மடியில சொருகிட்டு, மிச்சம் இருந்த கிழங்கை உரிச்சு முடிச்சுச்சு. காலுறை போய்ச் சேர்ந்திருக்குமான்னு மட்டும் கேட்டுச்சு. கட்டாயம் சேர்ந்திருக்கும்னு சொன்னேன். எனக்கு எப்படித் தெரியும்? ஆனா சொன்னேன்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு நான் தட்டு பக்கமே போகலை. பன்னெண்டு வகையும் ஆக்கி அனுப்பிட்டு, கதவுக்கு வெளிய திண்டுல உக்காந்துருந்தேன். வைக்கோல் வாசம் வருது. பிள்ளைக பாடுதுக. அந்தம்மா எந்திரிச்சு வந்து என் முன்னாடி நிக்குது. கையைக் கழுவிட்டு வான்னுச்சு. ஏதோ வேலைக்குத்தான் கூப்பிடுதுன்னு போனேன். நாற்காலியை இழுத்து உக்காருன்னுச்சு. எனக்கு முன்னாடி நீலக்கரைத் தட்டு. அய்யய்யோ, அது உங்க வீட்டுக்காரருக்குன்னேன். "வீட்டை விட்டு வந்தவனுக்கு"ன்னு சொல்லிட்டு அந்தம்மாவே கரண்டியெடுத்துப் போட்டுச்சு.

நான் ஆக்கின ரசந்தான். உறைப்பில்லாத அதே ரசம். ஒரு வாய் எடுத்துட்டுக் கரண்டியைக் கீழ வச்சுட்டேங்க. அழுதேன்னு நெனச்சுக்காதீக. கொஞ்சம் சூடா இருந்துச்சு.

முகாமை மூடிட்டாக. சண்டை முடிஞ்சும் அவுக ஊரு ருஷ்யாக்காரன் கையிலதானாம், இன்னும் அவுக ஊரா இல்லையாம், இங்கிலாந்துக்குக் கப்பல் ஏத்தினாக. ஏறுறதுக்கு முந்தி அந்தம்மா இந்தத் தட்டை என் கையில குடுத்துச்சு. இருங்க, பெட்டியில இருக்கு, காட்டுறேன். பாருங்க, இந்த எடத்துல மட்டும் எனாமல் பேந்திருக்கு, மத்தபடி புதுசு. அஞ்சு வருசம் சமைச்சதுக்கு மெடலுன்னு நெனச்சேன். பூமயிலு வீட்டுக்குக் கொண்டுபோன்னுச்சு. காலித்தட்டை வச்சு மதினி என்ன பண்ணுவாகன்னேன். சிரிச்சுச்சு. மூணு வருசத்துக்குப் பிறகு சிரிச்சுச்சு.

பெரியப்பா மகன் அப்பப்பக் காயிதம் போடுவான். மதினிக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு எழுதுவான். பொழுதுசாஞ்சா ரெண்டு ஆளுக்கு உலை வைக்கிறாகளாம். அண்ணனோட வெண்கல வட்டிலைக் கழுவி, சோத்தைப் போட்டு மூடி வச்சுட்டு, கதவைத் தாழ்ப்பாள் போடாமப் படுக்கிறாகளாம். காலையில அதையே தண்ணி ஊத்திக் கரைச்சுக் குடிக்கிறாகளாம். ஆறு வருசமா. நானும் பைத்தியந்தான்னு நெனச்சு, ரோசத்துல அந்தக் காயிதத்துக்கெல்லாம் பதில் போடலை.

இந்தா பாருங்க, மன்னிப்பெல்லாம் கேக்கிற ஆளு நான் இல்ல. நான் செஞ்சது முறை. இப்பவும் அதைத்தான் சொல்வேன். ஆனா நீங்க ராமேசுவரத்துல நல்லாச் செய்யுங்க, எள்ளு தண்ணி எல்லாம் குறைவில்லாம. நீங்க கூட இருந்தீக. பார்த்தீக. பார்த்தவுக செய்யலாம்.

மானாமதுரை தாண்டியாச்சு. அடுத்துப் பரமக்குடியில இறங்கணும். அந்தப் பொட்டலத்தை மடக்கி வையிங்க, எனக்கு நேத்து மத்தியானத்துல இருந்து வயித்துல ஒன்னுமில்ல, வாசமே இழுக்குது. ஆனா பசியோட போகணும். பொழுதுசாயிற வரைக்கும் கண்மாய்க் கரையில உக்காந்துட்டு, உலை வைக்கிற நேரத்துக்குப் போய் வாசப்படிக்குக் கீழ நிக்கப் போறேன். மிதிக்க மாட்டேன். மதினி, பசிக்குதுன்னு சொல்வேன், அவ்வளவுதான். பசின்னு வந்தவனை அவுக அனுப்பினதில்ல.

உள்ள வான்னா, ஒன்னு மட்டும் எனக்குத் தெரியும். அண்ணனோட வட்டில் இருக்கும், அதுல நான் சாப்பிடக் கூடாது. அது அண்ணனுக்கு. அதான் என் தட்டை நானே கொண்டு போறேன்.